சுழலும் சக்கரத்தை ஏறி இறங்கச் செய்தவர்: பொறியியல் மேதை அல்ஜஸரீ

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் பாயுமிடமெல்லாம் தண்ணீர் தானாகவே வயலை வந்தடைகின்றது. கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களிலோ கிணற்று நீரை மேலே ஏற்றினாலன்றிப் பயிர் இல்லை. மின்சார மோட்டார் வருவதற்கு முன்பு திருநெல்வேலிச் சீமையின் கிணறுகளில் அந்த வேலையைச் செய்தது கமலையாகும். காளைகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். நீர் நிறைந்த கூனை கிணற்றிலிருந்து மேலெழும். தும்பியின் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் விழும். அதன்பின் அக்காளைகள் பின்னோக்கி நடந்தே சரிவின் மேல் ஏற வேண்டும். பின்னோக்கி நடப்பது மாட்டுக்குக் கடினம். அந்த நடையினால் ஒரு சொட்டு நீரும் வருவதில்லை.

அதே ஊரில் செக்கில் பூட்டப்பட்ட காளையோ வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நிற்பதுமில்லை, பின்வாங்குவதுமில்லை. அதன் ஒவ்வோர் அடியும் வேலையாகவே முடிகின்றது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகின்றது. வட்டமாகச் சுற்றும் நடையைக் கொண்டு, ஏறி இறங்கும் வேலையைச் செய்விக்க இயலுமா? மாட்டின் சுற்று நடையும் ஆற்று நீரின் ஓட்டமும் ஒரு சக்கரத்தைச் சுழற்றத்தான் வல்லவை. நமக்கு வேண்டியதோ சில வேளை ஏறி இறங்கும் அசைவு, சில வேளை முன்னும் பின்னும் செல்லும் அசைவு, சில வேளை அரைமணிக்கு ஒருமுறை மட்டும் நிகழும் அசைவு. இருக்கும் அசைவிலிருந்து வேண்டும் அசைவைப் பெறுவது எப்படி? இக்கேள்விக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டு, அவ்விடையைப் பிறரும் செய்து பார்க்கும் வண்ணம் அளவுகளோடும் படங்களோடும் எழுதி வைத்தவர் அல்ஜஸரீ அவர்கள். அவரது வாழ்வையும் பணியையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் காலமும்

பதீஉஸ் ஸமான் அபுல் இஸ் இஸ்மாயீல் இப்னுர் ரஸ்ஸாஸ் அல்ஜஸரீ என்பது அவருடைய முழுப்பெயர். பதீஉஸ் ஸமான் என்பது காலத்தின் அற்புதம் எனப் பொருள்படும் சிறப்புப் பெயர். இப்னுர் ரஸ்ஸாஸ் என்பதற்கு அரிசி வணிகரின் மகன் என்று பொருள். யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆகிய இரண்டு பெரும் நதிகளுக்கு இடைப்பட்ட வடபகுதியை அரபு மக்கள் அல்ஜஸீரா, அதாவது தீவு, என்று அழைத்தனர். அம்மண்ணைச் சேர்ந்தவராதலால் அவர் அல்ஜஸரீ எனப்பட்டார்.

அக்காலத்தில் தியார் பக்ர் பகுதியை அர்துகிய்யா எனும் துருக்கிய மரபினர் ஆண்டு வந்தனர். டைகிரிஸ் நதிக்கரையிலுள்ள ஆமித் நகரை 1183ஆம் ஆண்டில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி கைப்பற்றி, அர்துகிய்யா மன்னர் நூருத்தீன் முஹம்மதிடம் ஒப்படைத்தார். இன்று அது துருக்கியின் தென்கிழக்கில் தியார்பக்கிர் என்ற பெயருடன் விளங்குகின்றது. அந்த நூருத்தீனிடமும், அவருக்குப்பின் அவர் மகன் குத்புத்தீன் சுக்மானிடமும், அவருக்கும்பின் இளையவர் நாஸிருத்தீன் மஹ்மூதிடமும் என ஒரே குடும்பத்தின் மூன்று மன்னர்களிடம் அல்ஜஸரீ பணியாற்றினார். ஹிஜ்ரி 570ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1174 வாக்கில், அப்பணியில் சேர்ந்த அவர் 25 ஆண்டுகள் அரண்மனைப் பட்டறையில் கழித்த பின்னரே நூல் எழுதத் தொடங்கினார்.

எழுதும்படி பணித்தவர் மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூத். ஈடிணையற்ற பல பொருள்களைச் செய்துவிட்டீர், அவை உம்மோடு மறைந்துவிடலாகாது, ஒவ்வொன்றையும் செய்யும் முறையை நூலாக்கித் தாரும் என்பதே மன்னரின் கருத்தாக இருந்தது. அதன் பயனாக ஹிஜ்ரி 602ஆம் ஆண்டில், கி.பி. 1206இல், அந்நூல் நிறைவுற்றது. அல்ஜஸரீயின் வாழ்க்கையைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் அந்நூலின் முன்னுரையிலிருந்து பெற்றதே. நூல் எழுதப்படாதிருந்தால் அவர் பெயர்கூட எஞ்சியிருக்காது.

அறிவும் செயலும் இணைந்த நூல்

பொறியியல் உத்திகளைப் பற்றிய அறிவு என்று பொருள்படும் பெயரால் அந்நூல் பரவலாக அறியப்படுகின்றது. அதற்கு மற்றொரு பெயரும் உண்டு. உத்திக் கலையில் கோட்பாட்டையும் பயன்தரும் செயலையும் ஒன்றுசேர்ப்பது என்பது அப்பெயரின் பொருள். அவரை அறிந்துகொள்ள இப்பெயரே சிறந்த வாயில் எனலாம்.

நூலில் 50 கருவிகள் ஆறு பிரிவுகளாக விளக்கப்பட்டுள்ளன. நீராலும் மெழுகுதிரியாலும் இயங்கும் கடிகாரங்கள் 10. விருந்துக்குரிய பாத்திரங்களும் உருவங்களும் 10. உளூச் செய்வதற்கும் இரத்தம் குத்தி எடுக்கும் சிகிச்சைக்கும் உரிய கூஜாக்களும் தாம்பாளங்களும் 10. நீரூற்றுகளும் தானே ஒலிக்கும் குழல்களும் 10. நீரேற்றும் பொறிகள் 5. பல்வகைப் பொருள்கள் 5. இறுதிப் பிரிவில் ஆமித் அரண்மனைக்கு வார்த்த பித்தளைக் கதவும், நான்கு எழுத்து வட்டுகளைச் சரியாகத் திருப்பி வைத்தாலன்றித் திறவாத பூட்டும் இடம்பெற்றுள்ளன.

இவை பெரும்பாலும் மன்னரின் மாளிகைக்காகச் செய்யப்பட்டவை. ஆயினும் ஒவ்வொன்றின் உள்ளே இருப்பதும் ஒரே கலைதான். கோல், முளை, கயிறு, சக்கரம், மிதவை ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்து, ஓரிடத்தில் தரும் அசைவை வேறிடத்தில் வேறு வடிவில் பெறும் கலை அது.

இக்கலை நமக்குப் புதிதன்று. தையல் இயந்திரத்தைப் பாருங்கள். கால் செய்வது மேலும் கீழும் மிதிப்பது மட்டுமே. மிதிப்பலகையிலிருந்து செல்லும் இரும்புக்கோல் அதனைப் பெரிய சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுகின்றது. வார் அச்சுழற்சியை மேலே கொண்டு செல்கின்றது. அங்கே அதே சுழற்சி மீண்டும் ஊசியின் ஏறி இறங்கும் அசைவாகின்றது. மேலப்பாளையத்துக் கைத்தறியிலும் இதே நியதிதான். நெசவாளர் மிதிப்பலகையை அழுத்தக் கயிறுகள் விழுதுகளை மாறி மாறி உயர்த்துகின்றன. பாவு இரண்டாகப் பிளந்து நாடாவுக்கு வழி விடுகின்றது. கோல் எவ்வளவு நீளம், முளை மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற இரண்டு அளவுகள் மாறினால் கிடைக்கும் அசைவும் மாறிவிடும். அந்த அளவுகளைக் கண்டறிவதுதான் வேலையே.

நாழிகை வட்டிலும் யானைக் கடிகாரமும்

அல்ஜஸரீயின் படைப்புகளுள் உலகப் புகழ் பெற்றது யானைக் கடிகாரம். யானையின் வயிற்றுக்குள் ஒரு நீர்த்தொட்டி. அதில் அடியில் நுண்ணிய துளையிட்ட கிண்ணம் மிதக்கும். நம் முன்னோர் காலம் கணித்த நாழிகை வட்டில் இதுவே. துளையிட்ட செம்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு அது மூழ்கும் நேரத்தை ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், என்று கொள்வது இந்திய மரபு. அந்த இந்திய முறையையே அல்ஜஸரீ எடுத்துக்கொண்டு, தம் கிண்ணம் அரைமணி நேரத்தில் மூழ்கும்படி துளையை அமைத்தார்.

நாழிகை வட்டிலில் ஒரு தொல்லை உண்டு. கிண்ணம் மூழ்கியதும் அருகிலிருக்கும் ஆள் அதை எடுத்துக் கவிழ்த்து மீண்டும் மிதக்கவிட வேண்டும். அவர் கண்ணயர்ந்தால் காலமும் தவறிவிடும். இந்த ஆளின் வேலையைப் பொறியிடம் ஒப்படைத்ததே அல்ஜஸரீயின் சாதனை.

கிண்ணம் மெதுவாக அமிழும்போது அதனோடு கட்டிய கயிறு யானை மேல் அமர்ந்துள்ள எழுத்தர் உருவத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பும். அவர் கையிலுள்ள எழுதுகோல் கடந்த நேரத்தைக் காட்டும். அரைமணி முடிவில் கிண்ணம் முழுதும் அமிழும்போது மேலேயுள்ள மாடத்திலிருந்து உலோக உருண்டை ஒன்று விடுபடும். அது பருந்தின் அலகு வழியாகக் கீழேயுள்ள பாம்பின் வாயில் விழும். அச்சில் பொருத்தப்பட்ட பாம்பு உருண்டையின் எடையால் கீழே சாயும். அப்படிச் சாயும்போது அதன் மறுபுறம் கட்டிய சங்கிலி, மூழ்கிக் கிடக்கும் கிண்ணத்தைத் தூக்கி நீரைக் கொட்டச் செய்யும். பாகன் உருவம் யானையை அடிக்கும்; உருண்டை கலயத்தில் விழுந்து ஒலியெழுப்பும். பாரம் நீங்கிய பாம்பு பழைய நிலைக்கு எழும். கிண்ணம் மறுபடியும் மிதக்கத் தொடங்கும்.

கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவான ஓர் அசைவை அரைமணி நேரம் சேமித்து, ஒரே நொடியில் வேகமான அசைவாக வெளிப்படுத்தி, தொடக்க நிலைக்குத் தானே திரும்பச் செய்திருக்கின்றார். மாடத்தில் உருண்டைகள் உள்ளவரை மனிதர் எவரும் அருகிலிருக்க வேண்டியதில்லை. துபாயில் 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்னு பதூதா வணிக வளாகத்தின் இந்தியக் கூடத்தில் இக்கடிகாரத்தின் பெரிய மாதிரி வைக்கப்பட்டது. வளைகுடாவில் பணிபுரியும் நம் பகுதிச் சகோதரர்கள் பலர் அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை அங்கே செல்வோர், பாம்பின் சங்கிலி என்ன செய்கின்றது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

உளூச் செய்ய உதவும் கருவி

உளூச் செய்யும்போது பணியாளரோ பணிப்பெண்ணோ தம் கைகளில் நீர் வார்ப்பதை மன்னர் விரும்பவில்லை. ஆகவே நீர் வார்க்கும் கருவி ஒன்றைச் செய்து தருமாறு அல்ஜஸரீயிடம் கேட்டார். அதற்கெனப் பணியாளர் வடிவிலும் மயில் வடிவிலும் அமைந்த கருவிகளை அவர் உருவாக்கினார். மயில் தாம்பாளத்தில் கழுவிய நீர் உள்ளே இறங்க இறங்க மிதவை எழும்பும். அம்மிதவை தள்ள, சிறு கதவு திறந்து ஓர் உருவம் கை கழுவும் பொடியுடன் வெளிவரும். நீர் மேலும் சேர, இரண்டாவது உருவம் துவாலையுடன் வரும்.

இங்கே ஆற்றலாக அமைந்தது கழுவிய நீரின் எடையே. வீணாகச் செல்லும் நீர் எவ்வளவு சேர்ந்திருக்கின்றது என்பதே அடுத்த வேலை எப்போது நிகழவேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றது. இரத்தம் குத்தி எடுக்கும் தாம்பாளத்திலும் இதே முறையால் எவ்வளவு இரத்தம் வெளியேறியது என்பதை எழுத்தர் உருவங்கள் காட்டும்படி செய்தார். மாளிகையின் அழகுப்பொருளாகத் தோன்றுவது மருத்துவருக்கு அளவுகோலாகவும் பயன்பட்டது.

நீரேற்றும் ஐந்து பொறிகள்

நம்மைப் போன்ற ஆற்றுப் படுகை மக்களுக்கு மிக நெருக்கமானது நூலின் ஐந்தாம் பிரிவு. அதனை வரிசையாகப் படித்தால் ஒரு மனிதர் ஒரே கேள்வியை எப்படிப் படிப்படியாகத் தீர்த்தார் என்பது விளங்கும்.

முதல் பொறியில் மாடு செக்கைப் போல வட்டமாகச் சுற்றுகின்றது. நீரை அள்ளும் அகப்பை போன்ற மரவாய், அதன் காம்பாக நீண்ட கால்வாய். ஏற்றத்தைப் போல நடுவே அச்சில் அது ஆடும். மாடு சுழற்றும் சக்கரத்தின் விளிம்பு முழுவதும் பற்கள் இல்லை. ஒரு பகுதியில் மட்டுமே உண்டு. பற்கள் கவ்வும்போது அகப்பை உயரும். நீர் காம்பின் வழியாக ஓடி மேட்டில் விழும். பற்கள் முடிந்ததும் அகப்பை தன் எடையால் மீண்டும் நீரில் இறங்கும். வட்டம் ஏறி இறங்குதலாயிற்று. மாடு பின்னோக்கி நடக்க வேண்டியதில்லை.

ஆனால் இதிலும் குறை உண்டு. பற்கள் கவ்வும்போது மாட்டுக்குப் பெருஞ்சுமை; விட்டவுடன் சுமையே இல்லை. இந்த இழுபறி மாட்டையும் வருத்தும், மரத்தையும் முறிக்கும். ஆகவே இரண்டாவது பொறியில் நான்கு அகப்பைகளையும் அவற்றுக்கு நான்கு பற்சக்கரங்களையும் அமைத்தார். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். சுமை எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவாக நிற்கும்.

மூன்றாவது, கலயங்கள் கோத்த சங்கிலியால் நீர் இறைப்பது. குளக்கரையில் அழகுக்காக ஒரு மாட்டுருவம் சுற்றிவரும். உண்மையில் சங்கிலியை இயக்குவது பார்வைக்குத் தெரியாமல் கீழே சுழலும் நீர்ச்சக்கரமே.

நான்காவது பொறியில்தான் பெரிய திருப்பம் வருகின்றது. பாதிப்பல் சக்கரத்தை விட்டுவிட்டு, வளைந்த அச்சு எனும் கிராங்கை அவர் கையாளுகின்றார். அச்சின் முனையிலுள்ள முளை வட்டமாகச் சுற்றும். அகப்பைக் காம்பின் அடியில் வெட்டிய நீண்ட பள்ளத்துக்குள் அம்முளை நகரும். முளை மேலே வரும்போது காம்பு உயரும், கீழே வரும்போது தாழும். எங்கும் கவ்வுதலும் இல்லை, திடீரென விடுதலும் இல்லை. அசைவு வழுவழுப்பாக உயர்ந்து வழுவழுப்பாகத் தாழ்கின்றது.

ஐந்தாவது பொறி இவை அனைத்தின் முடிவாக விளங்குகின்றது. இங்கே மாடும் இல்லை. ஓடும் ஆறு துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அச்சக்கரம் பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றும். அப்பற்சக்கரத்தின் விளிம்பருகே ஒரு முளை நிற்கும். அம்முளை, ஒரு முனை நிலையாகப் பொருத்தப்பட்ட துளைக்கோலின் நீண்ட துளைக்குள் சுழலும். முளை வட்டமடிக்க அடிக்கக் கோல் இடமும் வலமுமாக ஆடும். கோலின் இருபுறமும் இரண்டு தண்டுகள். தண்டுகளின் முனையில் சணல் கயிறு சுற்றிய இரண்டு பிஸ்டன்கள். அவை எதிரெதிராகப் படுத்திருக்கும் இரண்டு செம்பு உருளைகளுக்குள் செல்லும். கோல் இடப்புறம் சாய்ந்தால் இடது உருளை நீரை மேலே தள்ளும், வலது உருளை ஆற்றிலிருந்து நீரை உறிஞ்சும். வலப்புறம் சாய்ந்தால் நேர்மாறாக நடக்கும். சென்ற நீர் திரும்பாதபடி வால்வுகள் தடுக்கும். சுமார் 20 முழ உயரத்துக்கு நீரேற்ற அமைத்த பொறி இது. ஆற்றின் நீரை உயர்த்தும் வேலையை அந்த ஆற்றைக் கொண்டே செய்வித்துவிட்டார்.

பட்டறைகளில் உலோகத்தைச் சீவும் ஷேப்பர் இயந்திரத்தைக் கையாண்டவர்கள் இத்துளைக்கோலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். முளையும் துளைக்கோலும் கொண்ட அதே இணைப்புத்தான் அங்கே உளியை முன்னும் பின்னும் செலுத்துகின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு நூற்பாலை இயக்கப்பட்டபோது நடந்ததும் இதே வகையான செயல்தான். நதி தருவது ஓட்டம்; ஆலைக்கு வேண்டியது கதிரின் சுழற்சி; நடுவே நிற்பது மனிதனின் பொறியறிவு.

பட்டறையில் பிறந்த அறிவு

அல்ஜஸரீ ஏட்டறிவை மதித்தார். ஆனால் செய்து பார்க்கப்படாத எதனையும் நம்பவில்லை. பெரிய பொருளை உருவாக்குமுன் காகிதத்தில் மாதிரி செய்து பார்த்தார். மரம் வளையாதிருக்கப் பலகைகளை அடுக்கி ஒட்டினார். சக்கரம் ஒருபக்கமாக இழுக்காதபடி எடையைச் சரிபார்த்துச் சமன் செய்தார். வால்வும் அதன் இருப்பிடமும் நீர் கசியாமல் பொருந்தும்வரை குருந்தப் பொடியிட்டுத் தேய்த்தார். நீர் சொட்டும் துளையைக் கணக்கால் மட்டும் முடிவு செய்யாமல், நேரத்தை அளந்து பார்த்துச் சிறிது சிறிதாகத் திருத்தினார். ஈரமணல் அச்சில் உலோகம் வார்க்கும் முறையையும் விளக்கியுள்ளார்.

இவையெல்லாம் அன்றைய கைவினைஞர்களிடம் வழக்கிலிருந்த நுட்பங்களாக இருக்கலாம். ஆனால் எழுதி வைத்தவர் இவரே. அளவு, உலோகத்தின் வகை, செய்யும் வரிசை, பொருத்தும் முறை ஆகியவற்றைச் சொல்லி, படத்தில் எழுத்துக் குறியிட்டு, அக்குறியைக் கொண்டே உரையில் விளக்கியுள்ளார். 20ஆம் நூற்றாண்டின் பொறியாளர்கள் அந்த விளக்கத்தை வைத்தே அவருடைய கருவிகளை மீண்டும் செய்ய முடிந்தது. 1976ஆம் ஆண்டில் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய கோட்டைக் கடிகாரம் மறுபடியும் உருவாக்கப்பட்டு இயங்கியது. பகற்பொழுது நீண்டும் குறைந்தும் வருவதற்கேற்ப மணியின் நீளத்தை நாள்தோறும் மாற்றும் வசதி கொண்ட கடிகாரம் அது.

மிகையில்லாப் புகழ்

அல்ஜஸரீயைப் புகழ்வோர் சிலர், கிராங்கை உலகில் முதன்முதலாகக் கண்டவரே அவர்தான் என்று எழுதுகின்றனர். இது சரியன்று. இன்றைய துருக்கியிலுள்ள ஹீராபோலிஸில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டின் கற்சிற்பம் ஒன்றில், நீர்ச்சக்கரத்தால் கல்லறுக்கும் வாள்கள் முன்னும் பின்னும் ஓடும் அமைப்புச் செதுக்கப்பட்டுள்ளது. சீனத்திலும் கிராங்க் பழமையானது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா எனும் மூன்று சகோதரர்களும் உத்திக் கருவிகள் பற்றி நூல் எழுதியுள்ளனர்.

இதனை அல்ஜஸரீயே மறைக்கவில்லை என்பதுதான் சிறப்பு. தம் கடிகாரம் ஒன்றின் அடிப்படை ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கும் நூலிலிருந்து வந்தது என்று சொல்கின்றார். நீரூற்றுகளைக் கூறுமிடத்தில் பனூ மூஸாவின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய அமைப்பில் நீரின் வடிவம் மாறும் இடைவேளை மிகக் குறுகியது, எனவே தாம் வேறு வழியில் சென்றோம் என்று விளக்குகின்றார். யாரிடமிருந்து பெற்றோம், எங்கே மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்ற மூன்றையும் சொல்லிவிடுகின்றார். அமானிதத்தைப் பேணும் பண்பு அறிவிலும் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. அவரிடமில்லாத புகழைச் சூட்டுவதைவிட, அவரிடமுள்ள இந்நேர்மையைச் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதையாகும். இருபுறமும் வேலை செய்யும் பிஸ்டன் பம்பு, உறிஞ்சு குழாய், சுழற்சியை முன்பின் அசைவாக்கும் இணைப்பு ஆகிய மூன்றையும் ஒரே பொறியில் சேர்த்துத் தெளிவாக விளக்கியதற்கு அவருடைய நூலே சான்று. அந்தப் புகழ் அவருக்குப் போதும்.

ஒரு ஒப்பீட்டையும் இங்கே சொல்லலாம். 1780இல் இங்கிலாந்தில் நீராவி எந்திரத்துக்குக் கிராங்கைப் பயன்படுத்துவதற்கு ஒருவர் காப்புரிமை பெற்றுவிட்டார். அதனால் ஜேம்ஸ் வாட் போன்ற மேதையும் அதே சுழற்சியைப் பெறுவதற்கு வேறு பற்சக்கர அமைப்பைத் தேடவேண்டியதாயிற்று. அதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் அல்ஜஸரீ தம் வாழ்நாள் உழைப்பைப் பூட்டி வைக்காமல், விரும்பியவர் செய்துகொள்ளலாம் என்று திறந்து வைத்தார்.

நூல் நம்மை வந்தடைந்த வழி

நூல் எழுதப்பட்ட அதே 1206ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட படி ஒன்று இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றது. பிற்காலத்தில் பல படிகள் எழுதப்பட்டன. அவற்றின் வண்ணப்படங்கள் அழகாக இருந்தமையால் சில ஏடுகள் பிரிக்கப்பட்டு உலகின் பல அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. அவ்வாறு அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்த ஏடுகளை ஆராய்ந்து 1924இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவர் ஒரு தமிழர் என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி. இலங்கைத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரும், 1877இல் கொழும்பில் பிறந்தவருமான கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியே அவர்.

ஜெர்மானிய அறிஞர்கள் வீடெமனும் ஹவுஸரும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூலின் பெரும்பகுதியை ஆராய்ந்து மொழிபெயர்த்தனர். பொறியாளராகப் பணியாற்றி அரபு மொழி கற்ற டொனால்ட் ஹில் 1974இல் நூல் முழுவதையும் ஆங்கிலத்தில் தந்தார். 1979இல் அஹ்மத் யூசுப் அல்ஹஸன் அலெப்போவிலிருந்து அரபு மூலத்தைச் செப்பம் செய்து பதிப்பித்தார்.

நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை என்ன? ஆமித் நகரின் பட்டறையில் அல்ஜஸரீயோடு தோளோடு தோள் நின்று உழைத்த தச்சர்களும் கன்னார்களும் இருந்திருப்பார்கள். அவருக்கு முன்னும் பின்னும் திறமை மிக்க கைவினைஞர்கள் எத்தனையோ பேர் வாழ்ந்திருப்பார்கள். அவர்கள் கையிலிருந்த அறிவு அவர்களோடு மண்ணுக்குள் போயிற்று. ஒருவர் எழுதினார், அவர் அறிவு மட்டும் எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டி வந்தது.

நம் பகுதியிலும் அப்படிப் போனவை பல. கமலைக்கு வண்டிச் சக்கரத்தை எந்த உயரத்தில் வைப்பது, சரிவை எவ்வளவு சாய்ப்பது, வடத்துக்கும் வால்கயிற்றுக்கும் நீளம் எவ்வளவு என்பதைக் கண்ணளவாலேயே சொல்லும் தச்சர்கள் இருந்தார்கள். மின்மோட்டார் வந்தது, கமலை நின்றது, அந்தக் கணக்கும் அவர்களோடு நின்றுவிட்டது. கைத்தறியில் விழுதும் மிதியும் எப்படிக் கட்டினால் எந்தக் கரை விழும் என்று அறிந்த மூத்தவர்கள் நம் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கின்றார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுபவர்கள்தாம் இல்லை.

நம் பிள்ளைகள் பலர் இன்று பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.களிலும் பயில்கின்றனர். பாடநூலில் இணைப்புக்கோல்களைப் பற்றி அவர்கள் படிக்கின்றனர். வீட்டில் தறியின் அருகே அமர்ந்திருக்கும் பாட்டனாரிடம் அதே பாடம் கையிலேயே இருக்கின்றது. இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும். தறியின் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, படம் வரைந்து, பெயர் எழுதி, எது அசைந்தால் எது அசைகின்றது என்று குறித்து வைக்க ஒரு நோட்டும் ஒரு அளவுகோலும் இருந்தால் இயலும். மன்னர் கேட்டதனால் அல்ஜஸரீ எழுதினார். நம் மூத்தவர்களிடம் கேட்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகளே. கேட்பதற்கு நேரம் அதிகமில்லை என்பதை மட்டும் அவர்கள் மறந்துவிடலாகாது.